வாய்க்காலோரத்து வீட்டின் ஏலம்

போன மாதம் எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில், வருவாய்த் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று நடராஜனைக் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு பெண் எழுந்து, "சார், இப்பல்லாம் பேங்க்காரங்க வீட்ட ஆன்லைன்லயே ஏலம் விட்டுடறாங்க. உங்க காலத்துல எப்படி சார்? ஏலம் போன வீட்ட அந்த வீட்டுக்காரங்க திரும்ப வாங்க முடியுமா?" என்று கேட்டார். நடராஜன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாய்க்காலோரத்து வீட்டுக் கதையை ஆரம்பித்தார். 'அவர்' என்று மரியாதையாகத்தான் எழுதுகிறேன். மனசுக்குள் இன்றைக்கும் 'அவன்'தான்.

நன்றாகச் சொன்னார். எப்போதுமே நன்றாகச் சொல்லுவார். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆனால் அவர் அந்த ஊரில் கால் வைத்தவர் இல்லை. தண்டோரா போட்டதும், கதவில் நோட்டீஸ் ஒட்டியதும், வெயிலில் நின்று ஏலம் விட்டதும் நான். தாசில்தார் உத்தரவு போட்டதோடு "கேஸ் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். முடியவில்லை. அதற்கு அப்புறம் அந்த வீட்டுக்குள் நடந்ததை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன். பொறாமையில் எழுதுகிறான் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். பொறாமைதான்.

நானும் நடராஜனும் ஒரே தேர்வு எழுதி, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தஞ்சாவூரில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். ஒரத்தநாட்டுப் பக்கம் வயல்களில் சர்வே பயிற்சி எடுத்தபோது சங்கிலியின் ஒரு முனையை நானும் மறுமுனையை அவரும் பிடித்தோம். மரநிழல் இருக்கிற முனை எப்படியோ அவருக்கே அமையும். பயிற்சி முடிந்ததும், கையெழுத்து அழகாக இருக்கிறது என்று அவரைத் தாலுகா அலுவலகத்தில் வசூல் பிரிவில் உட்கார வைத்தார்கள். நான் ரெவின்யூ இன்ஸ்பெக்டராகி சைக்கிளில் வரப்பு வரப்பாகப் போனேன். சம்பளம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் மாலையில் அலுவலகத்துக்குள் நுழையும்போது என் வேட்டியில் முழங்கால்வரை சேறு இருக்கும். அவர் சட்டையில் காலையில் போட்ட இஸ்திரி மடிப்பு அப்படியே இருக்கும்.

எங்கள் தாசில்தார் மரியதாஸ். நான் பார்த்த மேலதிகாரிகளில் அவரைப்போல் இன்னொருவர் இல்லை. யார் உள்ளே வந்தாலும், கூலிக்காரரோ மிராசுதாரோ, முதலில் உட்காரச் சொல்லுவார். உட்கார்ந்த பிறகுதான் பெயர் கேட்பார். குரலை உயர்த்தியதே கிடையாது. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைப்பார். அறையில் அதற்கப்புறம் மூச்சுச் சத்தம்கூட இருக்காது. சட்டத்தில் சந்தேகம் என்று போனால் பதில் சொல்ல மாட்டார். சட்டப் புத்தகத்தை நம் பக்கம் தள்ளி, "வாசிங்க" என்பார். வாசித்து முடித்தால், "திரும்ப வாசிங்க." மூன்றாம் முறையும் வாசிக்கச் சொல்லிவிட்டு, "எந்தச் சொல்லுல நின்னீங்க?" என்று கேட்பார். எந்தச் சொல்லிலும் நிற்காதவனை அவருக்குப் பிடிக்காது. என்னை "ஆர்.ஐ." என்று பதவியைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நடராஜனை மட்டும் "நடராஜா" என்பார். அந்த ஒரு வித்தியாசம் என்னை எத்தனை வருஷம் அரித்தது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அப்போது இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் தஞ்சாவூர் மாவட்டம்தான். எழுபதுகள். நில உச்சவரம்புச் சட்டம் வந்து, குத்தகைதாரர் பெயர்களைப் பதிவுசெய்துகொண்டிருந்த காலம். அறுவடை வந்தாலே எங்களுக்கு இரவும் பகலும் வேலைதான். கூலித் தகராறு, களத்தில் செங்கொடி, வெளியூர் ஆளை இறக்குவது, போலீஸ் வண்டி. கீழ்வேளூருக்குத் தெற்கே ஓர் ஊரில் கோவிந்தசாமி என்றொரு மிராசுதார் இருந்தார். நிலத்தைச் சீர்செய்ய அரசாங்கத்தில் தக்காவிக் கடன் வாங்கினார். அந்தக் கடன் பாக்கி நின்றால் நிலவரிப் பாக்கி மாதிரியே ஜப்தி செய்து வசூலிக்கலாம். இரண்டு போகம் தகராறில் போனது, தவணை நின்றது, மூன்றாவது வருஷம் மனிதர் மாரடைப்பில் செத்துப்போனார்.

அவருக்கு இரண்டு வீடு. ஊர் நடுவில் மச்சு வீடு. அது மூத்த மனைவி கமலாம்பாளின் தகப்பனார் மகள் பெயரில் எழுதிக் கொடுத்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஓட்டு வீடு. அது கோவிந்தசாமி தன் பெயரில் வாங்கிய மனையில் கட்டியது. அதில் வள்ளியம்மை இருந்தார். தரங்கம்பாடிப் பக்கத்து மீன்காரக் குடும்பத்துப் பெண். கீழ்வேளூர்ச் சந்தைக்குக் கருவாடு கொண்டுவந்தவரைக் கோவிந்தசாமி பார்த்து, பழகி, கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு அழைத்துவந்துவிட்டார். மூத்தவர் இருக்கும்போது நடந்த அந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லாது. இரண்டு பேருக்குமே பிள்ளை இல்லை.

பன்னிரண்டு வருஷமாகக் கமலாம்பாள் அந்த வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதில்லை என்று ஊரில் சொல்லுவார்கள். மாரியம்மன் கோயிலுக்குப் பாலத்து வழியாகப் போனால் கூப்பிடு தூரம். அவர் அந்த ஓட்டுக் கூரை கண்ணில் படக்கூடாது என்று வயல்வழியாகச் சுற்றிக்கொண்டு போவாராம். மச்சில் அந்தப் பக்கத்து ஜன்னலுக்கு ஆணி அடித்திருந்தது. அதை நானே பார்த்தேன்.

பாக்கிக்காகச் சொத்தை ஜப்தி செய்யச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவரலாம் என்றால், எல்லாம் குத்தகைதாரர் பதிவில் இருந்தது. அதை எவன் வாங்குவான்? கமலாம்பாளின் தம்பி சம்பந்தம், நான் உட்கார்ந்திருந்த ஊர்க் கர்ணத்தின் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். "ஏங்க கஷ்டப்படுறீங்க? எங்க மாமா பேருல வில்லங்கம் இல்லாத சொத்து ஒன்னே ஒன்னுதான் இருக்கு. வாய்க்காலோரத்து வீடு. அதப் போடுங்க."

"வாரிசு உங்க அக்காதானே? பாக்கிய அவங்களே கட்டிட்டா ஏலமே வேண்டாமே" என்றேன்.

"கட்டலாம். ஆனா அக்கா கட்டாது. ஏலம் வரட்டுங்குது."

ஏன் என்று எனக்கு அப்போதே புரிந்தது. சும்மா வாரிசாக அந்த வீடு வருவதில் அவருக்குத் திருப்தி இல்லை. வழக்கு, வாய்தா என்று இழுக்கும். ஏலத்தில் எடுத்தால் சர்க்காரே ஆளை வெளியே அனுப்பி, சாவியைக் கையில் கொடுக்கும்.

ஏலத்துக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பாக்கியைக் கட்டச் சொல்லிக் கேட்பு நோட்டீஸ். அதைப் பெற்றுக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் கதவில் ஒட்ட வேண்டும்; ஒட்டும்போது ஊரார் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு ஜப்தி. பிறகு ஏலத் தேதியைத் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும். வீட்டு வாசலில் மட்டும் போட்டால் போதாது, ஊர் முழுக்கக் கேட்க வேண்டும். நான் தலையாரி மாரிமுத்துவை அழைத்துக்கொண்டு கூடவே நடப்பேன். பல இன்ஸ்பெக்டர்கள் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, தண்டோரா போட்டதாக எழுதிவிடுவார்கள். நான் ஒரு தெருவையும் விட்டதில்லை. நடராஜன் சொன்ன கதையில் இதெல்லாம் "முறைப்படி நோட்டீஸ் குடுத்தாங்க" என்று ஒரே வரியில் போய்விட்டது.

ஏல நாளன்று வீட்டு வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. வள்ளியம்மை பக்கவாட்டில் நிழலில் குந்தி, அரிவாள்மணையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் நிபந்தனைகளைப் படித்தபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரைஸ் மில்காரர் ஒருவர் ஏலக் கேள்வியை ஆரம்பித்தார். சம்பந்தம் ஒரு தரம் இருமினார். அந்த இருமலுக்கு அப்புறம் ரைஸ் மில்காரர் வாயைத் திறக்கவில்லை. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அடிமாட்டு விலைக்கு வீடு போனது. முன்பணத்தைக் கட்டி, சம்பந்தம் அக்காள் பேருக்கு ரசீது வாங்கிக்கொண்டு போனார்.

கூட்டம் கலைந்த பிறகு வள்ளியம்மை எழுந்து வந்தார். கையெல்லாம் செதில்.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதும்மா."

"யாரு எடுத்தா?"

"சம்பந்தம். அவங்க அக்கா பேருக்கு."

கையிலிருந்த செதிலைத் தட்டிவிட்டார். "வீடு வேணும்னு எடுத்தாங்களா, நான் வேணாம்னு எடுத்தாங்களா?" என்று கேட்டார்.

நான் ஏலக் காகிதங்களை மடித்துப் பையில் வைத்தேன். ஏலம் முடிந்ததும் எந்த வீட்டிலும் நான் ஒன்று சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பேன். சொல்ல வேண்டும் என்று விதி கிடையாது. சொன்னால் ஏலம் எடுத்தவருக்கு எரிச்சல்தான். "அம்மா, ஏலம் போனதோட எல்லாம் போயிடல. இன்னையிலேருந்து முப்பது நாள் இருக்கு. உரியவங்க வந்து பாக்கியக் கட்டி, செலவையும் கட்டி, ஏலத் தொகையில நூத்துக்கு அஞ்சு சேத்துக் கட்டிட்டா ஏலம் ரத்து. அந்த அஞ்சு, ஏலம் எடுத்தவங்களுக்கு நஷ்ட ஈடு. வீடு திரும்பிடும்."

"உரியவங்கன்னா?"

"வீட்டுக்குச் சொந்தக்காரங்க."

"நான் உரியவளா?"

அவர் அழவில்லை; கெஞ்சவில்லை. கடைக்காரரிடம் விலை கேட்பதுபோலக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

மறுநாள் தாசில்தார் அறைக்குப் போனேன். நடராஜன் ஏற்கெனவே உள்ளே இருந்தார், வேறு ஏதோ கோப்போடு. நான் விஷயத்தைச் சொன்னேன். மரியதாஸ் அய்யா வழக்கம்போலப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"வாசிங்க, ஆர்.ஐ."

வாசித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால் இப்படி: விற்கப்பட்ட சொத்தில் உரிமை உடையவரோ, உரிமை உண்டென்று சொல்லுகிறவரோ, எவரும் விற்பனை நாளிலிருந்து முப்பது நாளுக்குள் பணத்தைக் கட்டி, விற்பனையை ரத்துசெய்யும்படி மனுச் செய்யலாம்.

"திரும்ப வாசிங்க."

வாசித்தேன். மூன்றாம் முறையும் வாசித்தேன்.

"எந்தச் சொல்லுல நின்னீங்க?"

"'உரிமை உடையவர்'ங்கறதுலங்க அய்யா. அந்தம்மாவுக்கு உரிமை இல்லியே. கல்யாணமே செல்லாதே."

தாசில்தார் கண்ணாடியில் கை வைத்தார், கழற்றவில்லை. அந்த நேரத்தில்தான் நடராஜன் மெதுவாக, "அடுத்த சொல்லுல நிக்கணுமோன்னு தோணுதுங்க அய்யா" என்றார். "உரிமை உண்டுன்னு சொல்றவங்களும் கட்டலாம்னுதானே போட்டிருக்கு. உரிமை இருக்கா இல்லையான்னு பாக்கச் சொல்லலையே."

தாசில்தார் சிரித்தார். எனக்குத் தெரிந்து அந்த அறையில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான். தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, நடராஜனிடம் நீட்டினார். "எழுது, நடராஜா. குறிப்பு நீயே எழுது."

மூன்று முறை வாசித்தவன் நான். அந்தப் பெண்ணின் வாசலில் நின்றவன் நான். அந்தச் சொல்லை வாயால் உச்சரித்தவனும் நான்தான். ஆனால் பேனா அவரிடம் போனது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும், யாராவது பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டால் எனக்கு அந்த அறை ஞாபகம் வந்து நெஞ்சு எரிகிறது.

செய்தியைக் கொண்டுபோனவன் நான். "உரிமை உண்டுன்னு சொன்னா போதும்மா. சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு வருஷமா அதத்தான சொல்லிக்கிட்டிருக்கேன். யாரு கேட்டா?" என்றார் வள்ளியம்மை.

பணத்துக்கு அவருக்கு வழி இல்லை. காதில் கழுத்தில் இருந்ததை விற்றாலும் பாதிதான் தேறும். மீதிக்குத் தரங்கம்பாடியில் இருந்த அண்ணன்மாரிடம்தான் போக வேண்டும். மிராசுதாரோடு போனதிலிருந்து அவர்களுக்கு இவரோடு பேச்சுவார்த்தை இல்லை. அப்பா சாவுக்குக்கூடத் தெருமுனையோடு திருப்பி அனுப்பியவர்கள். முதல் தடவை போனபோது அண்ணிமார் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையாம். பெரிய அண்ணன் வலை பின்னிக்கொண்டே, "போனப்ப எங்களக் கேட்டா போன?" என்று மட்டும் சொன்னாராம். இரண்டாம் தடவை போனபோது எந்த வீடு, யார் ஏலம் எடுத்தது என்று அவர் விசாரித்திருக்கிறார். மூத்தவள் எடுத்தாள் என்று கேட்டதும் பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டாராம்.

"நம்ம பொண்ண வெளிய தள்ளிட்டு அவ உள்ள வந்து உக்காருவாளா?"

தங்கைமேல் பாசத்தில் கொடுத்தார்களா, அந்த அம்மாள் ஜெயித்துவிடக் கூடாதே என்ற வயிற்றெரிச்சலில் கொடுத்தார்களா என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டாவதுதான் அதிகம் என்பது என் எண்ணம். எப்படியானாலும் கொடுத்தார்கள். கெடு முடிகிற நாளன்று அண்ணன்மார் இருவரும் தங்கையோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நோட்டுக்கட்டைத் துண்டில் சுற்றியிருந்தார்கள். கருவூலத்தில் எண்ணியவர் மூக்கைச் சுளித்தார், அதற்குப் பெரிய அண்ணன், "மீனு நாறும்யா. நோட்டு நாறாது. எண்ணு" என்றார். சலானோடு மனுவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதில், தன் கணவர் கட்டிய வீட்டில் தனக்கு உரிமை உண்டு என்று வள்ளியம்மை சொல்லியிருந்தார்.

சம்பந்தம் சும்மா இருப்பாரா? ஆட்சேபணை கொடுத்தார். விசாரணை வைத்தார்கள். ஒரு பக்கம் சம்பந்தமும் அவருடைய வக்கீலும்; மறுபக்கம் வள்ளியம்மையும் அண்ணன்மாரும். கமலாம்பாளும் வந்திருந்தார். நான் அவரை அருகில் பார்த்தது அன்றுதான். சிவப்பாக, மெலிந்து, தலை நரைக்காமல் இருந்தார். வள்ளியம்மையின் முகத்தைப் பார்க்காமல் கையையும் காலையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளியம்மை விரலை அசைத்தால் அவர் கண்ணும் அசைந்தது.

"எல்லாரும் உக்காருங்க" என்றார் தாசில்தார். பெரிய அண்ணன் தயங்கினார். "உங்களையும்தாங்க" என்றார். நாற்காலி போதாமல் நான்தான் வெளியிலிருந்து பெஞ்சு கொண்டுவந்து போட்டேன். நடராஜன் அவர் அருகில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தார்.

சம்பந்தம் பாய்ந்தார். "அய்யா, இவ என்ன மொறையில வந்து நிக்கிறா? தாலி கட்டுன பொண்டாட்டியா? பதிவு இருக்கா? பத்திரம் இருக்கா?"

மரியதாஸ் அய்யா கண்ணாடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார்.

"இந்தம்மா அவருக்குப் பொண்டாட்டியா இல்லையான்னு சொல்ற எடம் இது இல்லைங்க. அதுக்குக் கோர்ட் இருக்கு. சர்க்காருக்கு வர வேண்டிய பாக்கி வந்துடுச்சா? வந்துடுச்சு. கெடுவுக்குள்ள வந்துச்சா? வந்துச்சு. உரிமை உண்டுன்னு சொல்லிக் கட்டியிருக்காங்களா? கட்டியிருக்காங்க. உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு நூத்துக்கு அஞ்சும் வச்சிருக்காங்க. ஏலம் விட்டதே பாக்கிக்காகத்தானே? பாக்கி தீந்த பெறகு வீட்டப் பிடுங்கி யாருக்குக் குடுக்க?"

வக்கீல் ஏதோ சொல்லப்போனார். தாசில்தார் புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினார். "வாசிங்க." அவர் வாசித்தார். இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லவே இல்லை, அவரே மூடிவிட்டார்.

கமலாம்பாள் அதுவரை பேசவில்லை. எழுந்து நின்று, "அந்தப் பணம் எனக்கு வேணாம். வீடுதான் வேணும்" என்றார்.

"'வேணும்'ங்கறதுக்குச் சட்டத்துல எடம் இல்லைங்கம்மா" என்றார் தாசில்தார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

ஏலம் ரத்து ஆனது. மேலதிகாரிக்குப் போன கோப்பில், சட்டத்தைத் தெளிவாக எடுத்துக்காட்டிய குறிப்பு என்று பாராட்டி எழுதி வந்தது. குறிப்பு யாருடையது? நடராஜனுடையது. அடுத்த பதவி உயர்வில் அவர் பெயர் எனக்கு முன்னால் ஏறியது. கடைசியில் தாசில்தாராகவே ஓய்வு பெற்றார்; நான் அதற்கு ஒரு படி கீழே நின்றேன். கல்யாணப் பத்திரிகைகளில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'தாசில்தார், ஓய்வு' என்று போடுகிறார்கள். நான் அதைத்தான் முதலில் படிக்கிறேன். மாப்பிள்ளை பெயர் அப்புறம்தான்.

அவர் சொன்ன கதை இங்கே முடிந்துவிட்டது. இனிமேல் என்னுடையது.

உத்தரவு நகலை வள்ளியம்மையிடம் கொடுத்து, கதவில் ஒட்டிய ஜப்தி நோட்டீஸைக் கிழித்துவிட்டு வர வேண்டும். கமலாம்பாளிடம் முன்பணமும் நஷ்ட ஈடும் பெற்றுக்கொள்வதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு வேலையும் என் தலையில்தான் விழுந்தது. முதலில் மச்சு வீட்டுக்குப் போனேன். படிவத்தைப் பார்த்துவிட்டுக் கமலாம்பாள் கேட்டார்.

"நீங்க அடுத்து அங்கதான போறீங்க?"

"ஆமாங்க."

"அங்க வச்சுப் போடறேன் கையெழுத்து."

"அது எதுக்கும்மா?"

"முப்பது நாளு அது என் பேருல ஏலம் நின்ன வீடு. ஒரு தடவ உள்ள பாக்கக்கூட எனக்குப் பாத்தியத இல்லையா?"

மாட்டு வண்டி பூட்டச் சொன்னார். நான் சைக்கிளில் முன்னே போனேன். பாலத்துக்கு வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, நடந்தே தாண்டினார். தலையாரி மாரிமுத்து, நோட்டீஸ் கிழிப்பதற்குச் சாட்சியாக அங்கே வந்து நின்றிருந்தார். அந்த அம்மாளைக் கண்டதும் துண்டை இடுப்புக்கு இறக்கினார்.

வள்ளியம்மை வாசலுக்கு வந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைவிட்டு ஒதுங்கி நின்றார். கமலாம்பாள் உள்ளே போனார். நான் நிலைப்படியில் நின்றேன்.

ஒரு கூடம், ஓர் அறை, அடுக்களை. அவ்வளவுதான் வீடு. கூடத்தில் கோவிந்தசாமியின் படம் இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு பெஞ்சு, ஒரு பாய், ஒரு தலையணை. கொடியில் இரண்டு புடவை. பெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். பாயைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். எதையோ தேடுகிறவர் மாதிரி இருந்தது.

"எந்தப் பக்கம் தல வச்சுப் படுப்பாரு?" என்று கேட்டார். குரலில் அதிகாரம் இருந்தது.

வள்ளியம்மை, "இங்கயா? அவரு இங்க எங்கங்க படுத்தாரு?" என்றார்.

"என்ன சொல்ற?"

"வருவாரு, சாப்புடுவாரு, செத்த நேரம் பேசிக்கிட்டிருப்பாரு. வெளக்கு வச்சு நாழி ஆனா துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, 'அங்க போவணும்'னு கெளம்பிடுவாரு. ஒரு நா, ரெண்டு நாளுன்னு இல்ல, கடைசி அஞ்சாறு வருஷம் அப்பிடித்தான். உங்ககிட்டத்தான போறாருன்னு நான் இங்க பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடப்பேன்."

கமலாம்பாள் சட்டென்று திரும்பினார். "எங்கிட்ட வந்தாரா? அவரு மச்சுல கால வச்சு ஏழு வருஷமாவுது. கூடத்தோட வந்து சட்டை மாத்திக்கிட்டுப் போவாரு. நீ இங்க புடிச்சு வச்சிருக்கன்னுல்ல நான் அந்த ஜன்னல ஆணி வச்சு அடிச்சேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முதல்முறையாக முகத்துக்கு நேராகப் பார்த்தார்கள். அடுத்து இருவர் மனசிலும் என்ன கேள்வி எழுந்திருக்கும் என்று எனக்கே தெரிந்தது. மூன்றாவதாக யார்?

தலையாரி மாரிமுத்து வெளியிலிருந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "அய்யா களத்துலதாங்க படுத்துருப்பாரு. கள்ளிச் சொட்டாட்டம் கெட்டியாப் பால் வாங்கிக் குடுத்துட்டு வருவேன் நானு. ஆளுங்களோட தகராறு வந்ததுலேருந்து அவருக்குப் பயங்க. அசந்தா நெல்லு போயிடும், நெலமும் போயிடும்னு, நெல்லக் குவிச்சு வச்ச பட்டறைக்குப் பக்கத்துலயே கட்டில் போட்டுக்கிட்டாரு. அறுப்பு இல்லாத நாள்லயும் அங்கதாங்க. வைக்கப்போருதான் இருக்கும். அதுக்குக் காவலு."

கமலாம்பாள் மாரிமுத்துவின் பக்கம் திரும்பினார். "நெல்லுக்கா?" என்று கேட்டார்.

மாரிமுத்து தலையாட்டினார்.

"நெல்லுக்கா நான் இத்தன வருஷம் சுத்துவழியா கோயிலுக்குப் போனேன்?"

வள்ளியம்மை அடுக்களைக்குள் போய், ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். கமலாம்பாள் வாங்கி, அண்ணாந்து குடிக்காமல் வாய் வைத்தே குடித்தார். பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டார். எழுந்து வாசல்வரை வந்தவர், திரும்பி நின்றார்.

"ஒன்ன என்ன பேரு சொல்லிக் கூப்புடுவாரு?"

வள்ளியம்மை தலை குனிந்துகொண்டார். "அத மட்டும் கேக்காதீங்க" என்றார்.

"அப்ப ஏதோ வச்சுதான் கூப்புட்டிருக்காரு" என்றார் கமலாம்பாள்.

பாலத்தைத் தாண்டி, வண்டியில் ஏறாமல் வீடுவரை நடந்தே போனார். சட்டப்படி வாரிசு அவர்தான். சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தால் அந்த வீடு அவருக்குத்தான் கிடைத்திருக்கும். சம்பந்தம் வக்கீலையும் பார்த்துவைத்திருந்தார். பின்னால் ஊர்க் கணக்குப் பார்க்கிற ஜமாபந்தியில் சந்தித்தபோது, ஏன் போடவில்லை என்று நான் கேட்டேன்.

"அக்கா விடல. அந்த வீட்டுல ஒன்னும் இல்லடான்னுடுச்சு" என்றார் அவர். "ஆனா, மாமா தன்ன என்ன சொல்லிக் கூப்பிட்டாருன்னு அக்கா என்னயக் கேக்குதுங்க. 'இந்தாடி'ம்பாரு, வேற என்ன? அத எப்படிங்க நான் சொல்லுவேன்?"